எண்டர் தட்டும் முன் ஆப்ட் சொல்வதைப் படியுங்கள்: உபுண்டு, டெபியன் புதியவர்களுக்கு

விண்டோஸில் பழகிவிட்டு லினக்ஸுக்கு வருபவர்கள் மென்பொருள் வேண்டுமென்றால் உடனே பிரவுசரைத்தான் திறக்கிறார்கள். பெயரைத் தேடி, கிடைத்த தளத்தில் நுழைந்து, பச்சை நிறத்தில் மின்னும் பொத்தான்களில் எது உண்மையானது என்று யோசித்து, கோப்பை இறக்கி, இரண்டு முறை கிளிக் செய்கிறார்கள். லினக்ஸில் இது கடைசி வழி. வேறு எதுவும் பலிக்காதபோது மட்டும் போக வேண்டிய வழி. உங்களுக்குத் தேவைப்படும் மென்பொருளில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒரே இடத்தில், சரிபார்க்கப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, இலவசமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தரும் கருவியின் பெயர் ஆப்ட்.

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் எல்லாம் டெபியன் குடும்பம். இவற்றில் எதை வைத்திருந்தாலும் இந்தக் கட்டுரை பொருந்தும். ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன், மேக்கில் ஹோம்ப்ரூ, விண்டோஸில்கூட இப்போது விங்கெட் என்று ஒன்று இருக்கிறது. கட்டளைகள் மாறும், வேலை ஒன்றுதான்.

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் ஆப்ட் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது விளங்கும். இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியன் திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளின் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதிக்குத் தொகுப்பு என்று பெயர். டெபியனின் தொகுப்புகளைப் பிரித்து வட்டில் வைக்கும் வேலையை டிபிகேஜி (dpkg) என்ற கருவி செய்துவந்தது. அது இன்றும் அடித்தளத்தில் இருக்கிறது. ஆனால் அதற்குத் தேடித் தரத் தெரியாது. ஒரு தொகுப்பை நிறுவப் போனால் 'இதற்கு இன்னொன்று வேண்டும்' என்று சொல்லி நின்றுவிடும். அதை எடுத்துவந்தால் அதற்கு வேறு இரண்டு வேண்டும். இந்தச் சங்கிலியைத் தானாகவே கண்டுபிடித்து, வரிசைப்படுத்தி, இறக்கித் தருவதற்காக எழுதப்பட்டதுதான் ஆப்ட். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1 உடன் அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அப்போது கட்டளையின் பெயர் ஆப்ட்-கெட். சுருக்கமாக ஆப்ட் என்று மட்டும் தட்டும் வசதி 2014இல் சேர்ந்தது. ஆகவே இணையத்தில் பழைய குறிப்புகளில் ஆப்ட்-கெட் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே களஞ்சியத்தைத்தான் தொடுகின்றன. கையால் தட்டுவதற்கு ஆப்ட் போதும், பார்க்கவும் தெளிவாக இருக்கும்.

தட்டத் தொடங்கும் முன்

கட்டளைகளை இங்கே ஒலிக்கும் விதத்தில் தமிழில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். சூடோ என்பது எஸ், யு, டி, ஓ (sudo). ஆப்ட் என்பது ஏ, பி, டி (apt). அப்டேட், அப்கிரேட், இன்ஸ்டால், ரிமூவ், சர்ச், ஷோ எல்லாம் வழக்கமான ஆங்கிலச் சொற்கள், வழக்கமான எழுத்துக்கூட்டல். சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி விட வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் இருந்தால் முதலில் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல், ஆல்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உபுண்டுவில் டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரம், திறக்கும். மற்றவற்றில் செயலிப் பட்டியலில் தேடினால் கிடைக்கும். டெர்மினலில் ஒட்டுவதற்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், வி. நகலெடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. ஷிஃப்ட் இல்லாமல் கன்ட்ரோல் சி அழுத்தினால் நகல் எடுக்காது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடும். பாதி நிறுவலில் இப்படி நிறுத்துவது பல தொல்லைகளுக்கு வழி. எனவே இந்த ஒரு பழக்கத்தை முதல் நாளே மாற்றிக்கொள்ளுங்கள்.

தட்டுவதைக் குறைக்கும் இரண்டு விசைகள் உண்டு. மேல்நோக்கிய அம்பு, முன்பு தட்டிய கட்டளையை மீண்டும் கொண்டுவரும். டேப் விசை, பாதி தட்டிய பெயரை முடித்துத் தரும். தொகுப்புகளின் பெயர்கள் நீளமானவை, நடுவில் சிறுகோடுகள் நிறைந்தவை. முழுதும் தட்டி ஓரெழுத்தில் பிழை செய்வதைவிட நாலைந்து எழுத்து தட்டி டேப் அழுத்துவதே நல்லது.

சூடோ என்றால் இதை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். அப்படித் தொடங்கும் கட்டளை உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டும்போது பெரும்பாலும் திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பழுது இல்லை. தட்டி முடித்து எண்டர் அழுத்துங்கள். டெபியனில் மட்டும் ஒரு சிக்கல் வரலாம்: நிறுவும்போது ரூட் எனப்படும் முழு அதிகாரமுள்ள பயனருக்கென்று தனிக் கடவுச்சொல் கொடுத்திருந்தால், உங்கள் சொந்தப் பயனருக்கு சூடோ அனுமதி இருக்காது. நீங்கள் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை என்ற செய்தி வந்தால் அதுதான் காரணம். எஸ், யு, இடைவெளி, சிறுகோடு என்று தட்டி ரூட்டாக நுழைந்து, ஆட்யூசர் (adduser) என்ற கட்டளைக்குப் பின் உங்கள் பயனர் பெயரையும் அதன்பின் சூடோ என்ற சொல்லையும் கொடுங்கள். பிறகு கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால் சரியாகிவிடும்.

பட்டியலைப் புதுப்பித்தல்

முதல் கட்டளை எப்போதும் இது:

சூடோ ஆப்ட் அப்டேட்

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது எந்த மென்பொருளையும் புதுப்பிக்காது. களஞ்சியத்தில் இன்று என்னென்ன இருக்கின்றன, ஒவ்வொன்றின் பதிப்பு எண் என்ன என்ற பட்டியலை மட்டும் இறக்கிவைக்கும். ரேஷன் கடைக்குப் போய் இன்று என்ன சரக்கு இருப்பு என்று எழுதிய பலகையைப் படித்துவிட்டு வருவது போல. பை இன்னும் காலிதான். சரக்கை வாங்கிவருவது அப்கிரேட், இன்ஸ்டால் ஆகிய கட்டளைகளின் வேலை.

ஓடும்போது வரிவரியாக வரும். ஹிட் என்று தொடங்கும் வரி, உங்களிடம் உள்ள பட்டியலே புதியதுதான் என்கிறது. கெட் என்றால் புதியது இறங்குகிறது. இக்ன் என்றால் அந்தக் கோப்பு கிடைக்கவில்லை, ஆனால் பரவாயில்லை. எர்ர் வந்தால்தான் நின்று கவனிக்க வேண்டும். பெரும்பாலும் இணையத் தொடர்புதான் அறுந்திருக்கும். சில நிமிடம் கழித்து மேல் அம்பை அழுத்தி மீண்டும் ஓட்டுங்கள்.

இந்தப் பட்டியல் ஒன்றும் சிறியதல்ல. நெடுநாள் கழித்து ஓட்டினால் பல பத்து மெகாபைட் போகும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் நாள் அளவுக்கு டேட்டா எண்ணிச் செலவழிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து இறக்குகிறது என்ற விவரம் கணினியின் ஈடிசி அடைவுக்குள் ஆப்ட் என்ற அடைவில் இருக்கிறது. பழைய அமைப்புகளில் சோர்சஸ் லிஸ்ட் என்ற ஒரே கோப்பு. உபுண்டு 24.04 முதல் பக்கத்திலுள்ள உள்ளடைவில் உபுண்டு சோர்சஸ் என்று தனிக் கோப்பு. திறந்து பார்க்கலாம், ஆனால் காரணமில்லாமல் மாற்ற வேண்டாம். உபுண்டுவின் களஞ்சியம் மெயின், ரெஸ்ட்ரிக்டட், யுனிவர்ஸ், மல்டிவர்ஸ் என நான்காகப் பிரிந்திருப்பதை அதில் காண்பீர்கள். மெயினில் இருப்பவற்றை உபுண்டுவின் நிறுவனமே பராமரிக்கிறது. யுனிவர்ஸில் இருப்பவை பெரிதும் தன்னார்வலர்களின் கையில்.

பட்டியல் ஒவ்வொன்றும் டிஜிட்டல் கையொப்பத்துடன் வருகிறது. பட்டியலுக்குள் ஒவ்வொரு தொகுப்பின் சரிபார்ப்பு எண்ணும் இருக்கிறது. வழியில் யாராவது ஒரு கோப்பை மாற்றிவைத்தால் எண் பொருந்தாது, ஆப்ட் மறுத்துவிடும். யாரென்று தெரியாத தளத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு இந்தக் காவல் இல்லை. ஆப்ட் வழியே போகச் சொல்வதற்கு எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஒன்றைத் தேடி நிறுவுவோம்

எடுத்துக்காட்டுக்கு, தமிழில் எழுதுபவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சிட்ட பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட். பழைய சிறுபத்திரிகைப் பக்கம் ஒன்றைப் படமெடுத்து வைத்திருக்கிறீர்கள், அதைத் திருத்தக்கூடிய உரையாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்ட் சர்ச் டெசராக்ட்

டெசராக்ட் என்பதில் டி, இ, இரண்டு எஸ், இ, ஆர், ஏ, சி, டி. தேடுவதற்கு சூடோ வேண்டாம். பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, கணினியை மாற்றுவதற்குத்தான் தேவை. நீண்ட பட்டியல் வரும், ஏனென்றால் மொழிக்கு ஒரு தொகுப்பு இருக்கிறது. தமிழுக்குரியது டெசராக்ட்-ஓசிஆர்-டாம் (tesseract-ocr-tam) என்பது. கடைசி மூன்றெழுத்து டி, ஏ, எம். நிறுவும் முன் அது என்ன என்று கேட்டுக்கொள்ளலாம்:

ஆப்ட் ஷோ டெசராக்ட்-ஓசிஆர்-டாம்

பதிப்பு, அளவு, யார் பராமரிக்கிறார்கள், எதையெல்லாம் சார்ந்திருக்கிறது, எதற்காக என்ற விளக்கம் எல்லாம் வரும். பெயர் ஒத்திருப்பதால் தவறான தொகுப்பை நிறுவிவிடுவது புதியவர்களிடம் சாதாரணம். ஷோ கட்டளை அதைத் தடுக்கும். இனி நிறுவலாம். ஒரே வரியில் எத்தனை தொகுப்புகள் வேண்டுமானாலும் கொடுக்கலாம்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்

எண்டர் தட்டியதும் ஆப்ட் உடனே வேலையில் இறங்காது. என்ன செய்யப் போகிறேன் என்று முதலில் சொல்லும். இதைப் படிப்பதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் கற்க வேண்டிய ஒரே திறமை. மற்றவை எல்லாம் மனப்பாடம்.

முதலில், நீங்கள் கேட்டவற்றோடு கூடுதலாக எவை வருகின்றன என்ற பட்டியல். இரண்டு கேட்டீர்கள். ஆனால் படங்களைக் கையாளும் லெப்டோனிகா நூலகம், டெசராக்டின் சொந்த நூலகம், ஆங்கில மொழித் தரவு, பக்கத்தின் கிடைமட்ட, செங்குத்துத் திசையைக் கண்டறியும் தரவு என இன்னும் சில சேர்ந்திருக்கும். இவைதாம் சார்புத் தொகுப்புகள். இவை இல்லாமல் டெசராக்ட் ஓடாது. அடுத்து, சஜஸ்டட் என்று சில பெயர்கள் வந்தால் அவை வெறும் பரிந்துரை, நிறுவப்படாது. ரெக்கமெண்டட் என்ற வகை இயல்பாகவே நிறுவப்படும். பிறகு எத்தனை புதுப்பிக்கப்படும், எத்தனை புதிதாக வரும், எத்தனை நீக்கப்படும் என்ற எண்ணிக்கை. கடைசியில் எவ்வளவு இறங்கும், நிறுவிய பின் வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற அளவு.

இதில் நீக்கப்படும் என்ற எண்ணிக்கையை மட்டுமாவது ஒவ்வொரு முறையும் பாருங்கள். ரிமூவ்ட் என்ற தலைப்பின்கீழ் ஏதாவது பெயர் இருந்தால், நிறுவத்தானே சொன்னோம், ஏன் நீக்குகிறது என்று கேளுங்கள். சில நேரம் நியாயமான காரணம் இருக்கும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு தொகுப்புகள் சேர்ந்து இருக்க முடியாது என்பதால் பழையது போகலாம். உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரோ, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் செயலியோ அந்தப் பட்டியலில் தெரிந்தால் கை நிற்க வேண்டும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2021 நவம்பரில் யூடியூபில் கணினி நிகழ்ச்சிகள் நடத்தும் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற உபுண்டு வழி லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். அந்த நேரத்தில் ஸ்டீம் தொகுப்பின் சார்புகளில் ஒரு கோளாறு இருந்தது. வரைகலைக் கடை நிறுவ மறுத்துவிட்டது. அவர் டெர்மினலுக்குப் போய் ஆப்ட் கட்டளையைக் கொடுத்தார். நீக்கப்படுபவை என்று நீண்ட பட்டியலைக் காட்டி, கேடு விளையக்கூடிய காரியம் செய்யப் போகிறீர்கள், தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொன்னபடி செய்' என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தை முழுதாகத் தட்டுங்கள் என்று ஆப்ட் எச்சரித்தது. அவர் தட்டினார். டெஸ்க்டாப்பே நீங்கிப்போய் கறுப்புத் திரைதான் மிஞ்சியது. அதன்பின் ஆப்டை எழுதுபவர்கள் அந்த வாக்கியத்தைத் தட்டினால் போதும் என்ற வழியையே எடுத்துவிட்டார்கள். அவரைக் கேலி செய்தவர்கள் நிறைய. என்னைக் கேட்டால், கோளாறு தொகுப்பில் இருந்தது. புதியவர் ஒருவர் அத்தனை ஆங்கில வரிகளைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பதும் பேராசைதான். ஆனால் படித்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்பதும் உண்மை.

டெபியன் 13இல் வந்திருக்கும் ஆப்ட் 3 இந்த இடத்தைக் கண்ணுக்கு எளிதாக்கியிருக்கிறது. பெயர்கள் நெடுவரிசைகளாக வருகின்றன. நீக்கப்படுபவை சிவப்பு நிறத்தில் தனியாகத் தெரிகின்றன.

படித்தாயிற்றா? இனி ஒய் (Y) அல்லது என் (n) என்று கேட்கும் கேள்விக்கு ஒய் தட்டி எண்டர் கொடுங்கள். ஒய் பெரிய எழுத்தில் இருப்பதற்குப் பொருள், வெறும் எண்டர் தட்டினாலும் ஆம் என்றே எடுத்துக்கொள்ளும் என்பது. வேண்டாமென்றால் என். இந்த இடத்தில் வேண்டாம் என்று சொன்னால் எதுவும் கெடாது, கணினி முன்பிருந்தபடியே இருக்கும். கட்டளையின் கடைசியில் சிறுகோடும் ஒய்யும் சேர்த்தால் இந்தக் கேள்வியே வராது என்று சொல்லித்தரும் குறிப்புகள் இணையத்தில் மலிந்திருக்கின்றன. சர்வர்களைத் தானியக்கமாக நடத்துபவர்களுக்கு அது தேவை. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

நிறுவி முடிந்ததும், படம் இருக்கும் அடைவுக்குப் போய் டெசராக்ட் என்று தட்டி, படத்தின் கோப்புப் பெயர், உரைக்கு நீங்கள் விரும்பும் பெயர், பிறகு சிறுகோடு, சிறிய எல், ஓர் இடைவெளி, டாம் என்று கொடுங்கள். அதே அடைவில் டிஎக்ஸ்டி என்று முடியும் உரைக்கோப்பு ஒன்று உருவாகியிருக்கும். எல் என்ற எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் டெர்மினலில் ஒன்றுபோலத் தெரியும், கவனம். தெளிவான அச்சாக இருந்தால் நல்ல உரை கிடைக்கும். மங்கிய பக்கங்களில் திருத்தும் வேலை உங்களுடையது.

புதுப்பித்தல்

சூடோ ஆப்ட் அப்டேட்
ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்
சூடோ ஆப்ட் அப்கிரேட்

நடுவில் உள்ளதில் லிஸ்டுக்குப் பிறகு இரண்டு சிறுகோடுகள், இடைவெளியின்றி அப்கிரேடபிள். அது என்னென்ன புதுப்பிக்கக் காத்திருக்கின்றன என்று காட்டும். விரும்பினால் பாருங்கள், இல்லாவிட்டாலும் அப்கிரேடே கேள்வி கேட்கும் முன் அதைச் சொல்லிவிடும்.

அப்கிரேட் ஒரு கட்டுப்பாட்டோடு நடக்கும்: தேவைப்பட்டால் புதிய தொகுப்பைச் சேர்க்கும், ஆனால் இருப்பதை நீக்காது. எதையாவது நீக்கினால்தான் ஒன்றைப் புதுப்பிக்க முடியும் என்றால் அதை அப்படியே விட்டுவைக்கும். நீக்கவும் அனுமதி தருவது ஃபுல்-அப்கிரேட். வீட்டுக் கணினிக்கு வழக்கமாக அப்கிரேட் போதும். ஃபுல்-அப்கிரேட் ஓட்டும் நாளில் நீக்கப் பட்டியலை இருமடங்கு கவனத்தோடு பாருங்கள்.

உபுண்டுவில் சில தொகுப்புகள் 'பேஸிங்' காரணமாக ஒத்திவைக்கப்பட்டன என்று செய்தி வரும். புதிய பதிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல், சிலருக்கு முதலில் கொடுத்து, கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு விடுகிறார்கள். உங்கள் முறை வரும்போது தானாக வரும். இதை எப்படித் தாண்டுவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சில நேரம் புதுப்பிக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதிய பதிப்போடு வேறொரு கோப்பு வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்ளட்டும்? வெறும் எண்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பே இருக்கும். பெரும்பாலும் அதுவே சரி. டி (D) தட்டினால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று காட்டும்.

கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, புதுப்பிக்கப்பட்டால் மறுதொடக்கம் செய்த பிறகுதான் புதியது செயல்படும். விண்டோஸ்போல அது உங்களை விரட்டாது, வசதியான நேரத்தில் செய்யலாம். ஆனால் வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் வட்டில் வந்து உட்கார்ந்திருக்கும், ஓடிக்கொண்டிருப்பதோ பழையது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்களை அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற சேவை பின்னணியில் தானாகவே நிறுவுகிறது. மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறை போதும்.

நீக்குதல்

சூடோ ஆப்ட் ரிமூவ் என்று எழுதி, தொகுப்பின் பெயர். இது நிரலை எடுத்துவிடும், கணினி முழுமைக்குமான அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். மீண்டும் நிறுவினால் பழைய அமைப்போடு வரும். அவையும் போக வேண்டுமென்றால் ரிமூவ் இருக்கும் இடத்தில் பர்ஜ். இரண்டுமே உங்கள் வீட்டு அடைவில் இருக்கும் சொந்தக் கோப்புகளைத் தொடாது. சார்பாக வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாதவற்றைத் துடைக்க சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ். பழைய கெர்னல்கள் பல நூறு மெகாபைட் பிடித்துக்கொண்டிருந்தால் அவற்றையும் இது எடுக்கும். இங்கேயும் ஒய் தட்டும் முன் படியுங்கள், இங்கே வருவது முழுக்க நீக்கப் பட்டியல்தான்.

தடுக்கி நிற்கும் இடங்கள்

தொகுப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பொருளில் அனேபிள் டு லொகேட் என்று வந்தால், முதலில் எழுத்துப்பிழை, அடுத்து அப்டேட் ஓட்ட மறந்தது, மூன்றாவதாக அந்தத் தொகுப்பு உங்கள் பதிப்பின் களஞ்சியத்தில் இல்லாதது. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

பூட்டைப் பெற முடியவில்லை என்றோ, பூட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்றோ வந்தால் வேறொரு நிறுவல் ஏற்கெனவே ஓடுகிறது. கணினியைத் திறந்தவுடன் ஆப்ட் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும், ஏனெனில் மேலே சொன்ன பின்னணிச் சேவை அந்த நேரத்தில்தான் வேலை செய்துகொண்டிருக்கும். யார் பூட்டை வைத்திருக்கிறார்கள் என்று செய்தியிலேயே இருக்கும். காத்திருங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள் என்று அறிவுரை கூறும் பக்கங்கள் இணையத்தில் ஏராளம். அவற்றை நம்ப வேண்டாம். இரண்டு நிறுவல்கள் ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் எழுதாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. அழித்தால் பதிவேடு குலையும்.

நடுவில் மின்சாரம் போய்விட்டதா? மீண்டும் கணினியைத் திறந்து, இந்த இரண்டையும் வரிசையாக ஓட்டுங்கள்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது பாதியில் நின்ற தொகுப்புகளை முடித்துவைக்கும். இரண்டாவது விட்டுப்போன சார்புகளைத் தேடிச் சரிசெய்யும். பெரும்பாலான சிக்கல்கள் இதோடு தீரும்.

நேற்றுவரை ஓடிய ஒன்று இன்று ஓடவில்லை என்றால், வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்டரி லாக் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். எந்த நாளில், எந்தக் கட்டளையால், எது நிறுவப்பட்டது, எது போனது என்று முழுக் கணக்கும் அதில் இருக்கும். யாரிடமாவது உதவி கேட்கும்போது 'ஏதோ பிழை வருகிறது' என்று எழுதாமல், கட்டளையையும் அதற்கு வந்த பதிலையும் முழுதாக நகலெடுத்துப் போடுங்கள். பதில் கிடைக்கும் வேகமே மாறும்.

களஞ்சியத்துக்கு வெளியே

சில மென்பொருள்கள் களஞ்சியத்தில் இருக்காது. தயாரிப்பவரின் தளத்தில் டெப் என்று முடியும் கோப்பாகக் கிடைக்கும். அதையும் ஆப்ட் வழியாகவே நிறுவுங்கள். கோப்பு இருக்கும் அடைவில் நின்று, இன்ஸ்டாலுக்குப் பிறகு ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, ஒட்டிக் கோப்பின் பெயர். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் ஆப்ட் அதைக் களஞ்சியத்தில் தேடப் போய், இல்லை என்று சொல்லிவிடும்.

பிபிஏ எனப்படும் தனியார் களஞ்சியங்கள் உபுண்டுவில் பிரபலம். ஒன்றைச் சேர்ப்பது எளிது. ஆனால் சேர்த்த பிறகு அதன் உரிமையாளர் தரும் எதையும் உங்கள் கணினி நிர்வாகி அதிகாரத்தோடு நிறுவும், இன்று மட்டுமல்ல, நீங்கள் அதை நீக்கும் வரை. நன்கு தெரிந்தவர்களுடையதை மட்டும், ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி நேரே சூடோவுக்குள் ஓட்டச் சொல்லும் ஒற்றை வரிகளைப் பற்றி என் கருத்து இன்னும் கடுமையானது: படித்துப் புரியாத எதையும் அப்படி ஓட்டக் கூடாது.

உபுண்டுவில் இன்னொரு விநோதம். 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸை ஆப்ட் வழியாக நிறுவச் சொன்னால், வருவது வழக்கமான தொகுப்பு அல்ல, ஸ்னாப் என்ற வேறு வகை. ஆப்ட் உங்களை அங்கே திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்னாப்கள் தமக்குரிய சேவையால் தனியாகப் புதுப்பிக்கப்படும், ஆப்ட் அப்கிரேட் அவற்றைத் தொடாது. லினக்ஸ் மின்ட் ஸ்னாப்பை இயல்பாக அனுமதிப்பதில்லை.

அடுத்த பதிப்புக்குப் போவது

ஆப்ட் அப்கிரேட் எத்தனை முறை ஓட்டினாலும் உபுண்டு 22.04 ஒருபோதும் 24.04 ஆகாது. அது வேறு வேலை, கட்டளையும் வேறு: சூடோ டூ-ரிலீஸ்-அப்கிரேட். முதலில் உங்கள் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். வழக்கமான அப்டேட்டையும் அப்கிரேட்டையும் முடித்து மறுதொடக்கம் செய்யுங்கள். மடிக்கணினியானால் மின்னிணைப்பில் செருகிவையுங்கள். ஒரு மாலை நேரத்தை முழுதாக ஒதுக்குங்கள், இறங்க வேண்டியது பெரும்பாலும் ஜிகாபைட் கணக்கில் இருக்கும். நீண்டகால ஆதரவுப் பதிப்பு வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் வந்த 24.04க்கு 2029 வரை வழக்கமான ஆதரவு உண்டு. அடுத்த நீண்டகாலப் பதிப்பு வந்தாலும் அதன் முதல் திருத்த வெளியீடு வரும் வரை உபுண்டுவே உங்களை அழைக்காது. அழைத்த பிறகும் ஓரிரு மாதம் பொறுத்துப் போனால் நட்டமில்லை.